சிறிய இன நாய்க்குட்டிக்குப் பால்பல் விழும் காலம்: மூன்றாம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை கவனிக்க வேண்டியவை

பொமரேனியன், ஷிட்சூ, மால்டீஸ், டாய் பூடில், சிவாவா, டாஷ்ஹண்ட் போன்ற சிறிய இனங்களில் ஒன்றை முதன்முறையாக வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள், தடுப்பூசியைப் பற்றியும் உணவைப் பற்றியும் விசாரிக்கும் அளவுக்குக் குட்டியின் வாயைப் பற்றி விசாரிப்பதில்லை. பால்பல் தானே விழுந்துவிடும், புதுப்பல் தானே முளைத்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். லாப்ரடார், ராஜபாளையம் போன்ற பெரிய நாய்களில் இந்த நினைப்பு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. சிறிய இனங்களில் அடிக்கடி பொய்க்கிறது. பால்பல் விழாமல் நின்றுவிட, அதை ஒட்டியே புதுப்பல்லும் முளைத்து, ஒரு பல்லுக்குரிய இடத்தில் இரண்டு பற்கள் நெருக்கியடித்து நிற்பது இவ்வினங்களில் மிகச் சாதாரணம். அதை உடனே கண்டுகொண்டால் சரிசெய்வது எளிது. ஓராண்டு கழித்துக் கண்டால், பல்வரிசை கோணி, ஈறு கெட்டு, சில நாய்களுக்கு மேலண்ணத்தில் புண்ணே விழுந்திருக்கும். ஆகவே, குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததிலிருந்து ஏழு மாதம் முடியும்வரை வாரம் ஒருமுறை அதன் உதட்டை விலக்கிப் பார்ப்பதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்வதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் வளரும் வெள்ளை நாய்களில் பல, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் முகம் சற்று நீளம் என்பதால் பற்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆனாலும் அவற்றுக்கும் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்வதே நல்லது.

வாய்க்குள் என்ன நடக்கிறது?

நாய்க்குட்டி பல் இல்லாமல் பிறக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பால்பற்கள் முளைக்கத் தொடங்கி, சுமார் எட்டு வாரத்துக்குள் 28 பற்களும் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு தாடையிலும் முன்னால் ஆறு வெட்டுப்பற்கள், அவற்றின் இரு பக்கமும் ஒவ்வொரு கோரைப்பல், அதற்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்றாக ஆறு முன்கடைவாய்ப்பற்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கடைக்கோடியில் இருக்கும் பெரிய கடைவாய்ப்பற்களுக்குப் பால்பல் கிடையாது. அவை முளைக்கும்போதே நிரந்தரப் பற்களாகத்தான் முளைக்கின்றன. வளர்ந்த நாய்க்கு மேலே 20, கீழே 22 என மொத்தம் 42 பற்கள். இரண்டு கிலோ எடையுள்ள சிவாவாவுக்கும் நாற்பது கிலோ ராட்வீலருக்கும் இதே 42 பற்கள்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், சிறிய நாயின் தாடையில் ஏன் இவ்வளவு நெரிசல் என்பது விளங்கிவிடும்.

நிரந்தரப் பல் தாடை எலும்புக்குள் வளர்ந்து வெளியே வரும்போது, தனக்கு முன்னிருக்கும் பால்பல்லின் வேரை அழுத்துகிறது. அழுத்தம் பட்ட வேர் சிறிது சிறிதாகக் கரைகிறது. வேர் கரைந்தபின் பிடிமானம் இல்லாத பல் ஆடி விழுகிறது. கரையாத பால்பல்லின் வேர், வெளியே தெரியும் பகுதியைவிடப் பல மடங்கு நீளமானது. விழுந்த பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதற்கு வேரே இல்லாததுபோலத் தோன்றுவது இந்தக் கரைதலால்தான். புதுப்பல் சற்று விலகிய பாதையில் வந்துவிட்டால் அழுத்தம் சரியாகப் படுவதில்லை. வேர் கரையாமல் பால்பல் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுகிறது. இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. தாய்க்கோ தந்தைக்கோ பால்பல் விழாமல் நின்றதாகத் தெரிந்தால், குட்டியைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

காலவரிசையைச் சுருக்கமாகச் சொன்னால், முன்வெட்டுப்பற்கள் மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் மாறும். முன்கடைவாய்ப்பற்கள் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் மாறும். கோரைப்பற்கள் பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் மாதங்களில் மாறும். கடைவாய்ப்பற்கள் ஐந்திலிருந்து ஏழு மாதத்துக்குள் முளைத்து முடியும். குட்டிக்குக் குட்டி ஓரிரு வாரம் முன்பின் ஆகலாம். ஏழு மாதம் முடிந்தபின் வாயில் ஒரு பால்பல்கூட இருக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் படி: வாங்கும்போதே வாயைப் பார்ப்பது

குட்டியின் வயதைப் பற்றி விற்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பற்களையும் ஒருமுறை பாருங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. ஆனால் ‘நாற்பத்தைந்து நாள் குட்டி’ என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்பது இன்றும் நடக்கிறது. கோரைப்பல் அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, அதற்குப் பின்னால் வெறும் ஈறுதான் இருக்கிறது என்றால், அந்தக் குட்டி தாயைவிட்டுப் பிரியும் வயதை இன்னும் எட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். தாயோடும் உடன்பிறப்புகளோடும் போதிய காலம் இருந்த குட்டிதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்கிறது. முன்கூட்டிப் பிரிக்கப்பட்ட குட்டியின் கடி, பல் மாறும் மாதங்களில் வீட்டாருக்குப் பெரும் தொல்லையாக முடியும்.

அதே சமயத்தில், வாயை மூடியிருக்கும்போது மேல், கீழ்ப் பற்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள். கீழ்க்கோரைப்பல்லின் நுனி மேலண்ணத்தில் குத்தியபடி இருந்தால், அது பால்பல்தானே என்று விட்டுவிடாமல் வாங்கிய வாரத்திலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாம் படி: வாயைத் தொடவிடப் பழக்குவது

பல் மாறத் தொடங்கிய பிறகு ஈறு வலிக்கும். வலிக்கும் வாயை முதன்முறையாகத் தொட்டால் எந்தக் குட்டியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனவே வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். குட்டி விளையாடி ஓய்ந்து மடியில் கிடக்கும் நேரம் இதற்கு ஏற்றது. முதல் சில நாட்கள் கன்னத்தையும் உதட்டின் மேற்புறத்தையும் தடவினால் போதும். பிறகு ஒரு பக்கத்து உதட்டை ஒரு நொடி உயர்த்திவிட்டு, உடனே ஒரு துளி தயிரோ வேகவைத்த கோழித் துணுக்கோ கொடுங்கள். நொடிகளைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகலாம். குட்டி திமிறினால் பிடித்து வைத்துப் பார்க்க வேண்டாம். அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் முயல்வதே பின்னால் பலன் தரும். பத்துப் பன்னிரண்டு வயதுவரை அந்த நாய் மருத்துவரின் கையை எப்படி ஏற்றுக்கொள்ளும் என்பது பெரிதும் இந்த வாரங்களில்தான் முடிவாகிறது.

மூன்றாம் படி: வாரம் ஒருமுறை சோதிப்பது

வாயை அகலத் திறக்க வேண்டியதில்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, குட்டியின் வாய் மூடியிருக்கும்போதே ஒரு பக்கத்து மேலுதட்டைப் பெருவிரலால் மெல்ல உயர்த்துங்கள். கோரைப்பற்களும் அவற்றின் முன்னும் பின்னும் உள்ள பற்களும் அப்படியே தெரியும். மறுபக்கமும் அவ்வாறே பார்த்துவிட்டு, முன்னாலிருந்து வெட்டுப்பற்களைப் பாருங்கள். கீழ்க்கோரைப்பற்களின் உட்புறத்தைப் பார்க்க மட்டும் வாயைச் சற்றுத் திறக்க வேண்டியிருக்கும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் இடம், வலம், முன்புறம் என மூன்று படங்களைக் கைப்பேசியில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். போன வாரப் படத்தோடு இந்த வாரப் படத்தை ஒப்பிடும்போது, கண்ணுக்குத் தப்பிய மாற்றங்கள் புலப்படும். மருத்துவரிடம் போகும்போதும், ‘எத்தனை நாளாக இப்படி இருக்கிறது’ என்ற கேள்விக்கு அந்தப் படங்களே விடை சொல்லிவிடும்.

பால்பல்லையும் நிரந்தரப் பல்லையும் வேறுபடுத்துவது எளிது. பால்கோரைப்பல் மெலிந்து, வளைந்து, ஊசிமுனையோடு இருக்கும். நிரந்தரக் கோரைப்பல் அடியில் பருத்து, நுனி சற்று மழுங்கி, பளிச்சென்ற வெண்மையோடு இருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஐயத்துக்கே இடமிருக்காது.

எவை இயல்பானவை?

விளையாட்டுப் பொம்மையிலும் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பிலும் இளஞ்சிவப்பாக இரத்தக் கறை தெரிவது, வாயில் லேசான இரும்பு வாடை அடிப்பது, ஈறு சிவந்து சற்றுத் தடித்திருப்பது, எச்சில் கூடுதலாக ஊறுவது, கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் மெல்லுவது ஆகியவை எல்லாம் இந்தப் பருவத்துக்கு உரியவை. விழுந்த பற்களில் பெரும்பாலானவற்றைக் குட்டி உணவோடு விழுங்கிவிடும், அதனால் தீங்கில்லை. என்றாவது பாயில் ஒன்று கிடைத்தால், அது உடைந்த குருணை அரிசி அளவுதான் இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வாந்தி, தொடர்ந்த வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், காய்ச்சல், சோர்ந்து ஒரே இடத்தில் படுத்துக்கிடப்பது ஆகியவற்றைப் ‘பல் முளைக்கிறது, அதனால்தான்’ என்று சொல்லிக் கடத்திவிடக் கூடாது. கைக்குழந்தைக்குப் பல் முளைக்கும்போது பேதியாவது வழக்கம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பழகியவர்கள் நாய்க்குட்டிக்கும் அதையே பொருத்திப் பார்க்கிறார்கள். இதே வயதில்தான் பார்வோ வைரஸ் குட்டிகளைத் தாக்குகிறது. அதில் ஒரு நாள் தாமதம்கூட உயிரைப் பறிக்கலாம். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நான்காம் படி: மெல்லுவதற்குத் தகுந்ததைக் கொடுப்பது

மெல்லுவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. எதை மெல்லுகிறது என்பதை மட்டுமே நாம் முடிவு செய்யலாம். இதற்கு ஒரு நம்பகமான சோதனை உண்டு. கொடுக்கப்போகும் பொருளை உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் பதிந்தால் கொடுக்கலாம். பதியாத அளவுக்குக் கடினமாக இருந்தால் அது பல்லையும் உடைக்கும். மாட்டெலும்பு, குளம்பு, கொம்புத் துண்டு, பனிக்கட்டி ஆகியவை இந்தச் சோதனையில் தேறாதவை. வேகவைத்த கோழியெலும்பு ஊசியாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். மாம்பழக் காலத்தில் குழந்தைகள் சப்பிப் போட்ட கொட்டையைக் குட்டி தூக்கிக்கொண்டு ஓடுவதை வேடிக்கை பார்க்க வேண்டாம். சிறிய நாயின் குடலை அடைத்து அறுவை சிகிச்சைவரை கொண்டுபோகக்கூடியது அது. கடைகளில் விற்கும் தோல் எலும்புகளும் ஊறியபின் வழுவழுப்பான பெரிய துண்டாகத் தொண்டையில் சிக்கக்கூடியவை என்பதால் சிறிய குட்டிகளுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய மிக நல்ல ஏற்பாடு, பழைய பருத்தித் துண்டு ஒன்றுதான். அதைத் தண்ணீரில் நனைத்து, முறுக்கிப் பிழிந்து, உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்துக் கொடுங்கள். குளிர்ச்சி ஈற்றின் எரிச்சலைத் தணிக்கும். துணி பல்லுக்கு இதமாக இருக்கும். நூல் பிரியத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி இழுத்துவிடும். குட்டிகளுக்கென்று விற்கும் மென்மையான ரப்பர் பொம்மைக்குள் தயிரையோ பிசைந்த பூசணியையோ நிரப்பிக் குளிரவைத்தும் கொடுக்கலாம். கயிறு இழுக்கும் விளையாட்டை இந்த மூன்று நான்கு மாதங்களுக்கு ஒத்திவையுங்கள். வலுவாக இழுத்தால் ஆடும் பல் வலிக்கும், ஆடாத பல் முறியும்.

குழந்தைகளின் ஈற்றில் தடவும் மரப்புக் களிம்புகளை நாய்க்குட்டிக்குத் தடவக் கூடாது. அவற்றில் உள்ள பென்சோகைன், நாயின் இரத்தம் ஆக்சிஜனை ஏந்திச் செல்லும் திறனையே கெடுத்துவிடக்கூடியது. வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், இபுபுரோஃபென் மாத்திரைகளைக் ‘கால் மாத்திரைதானே’ என்று கொடுப்பதும் ஆபத்து. கிராம்புத் தைலமும் வேண்டாம். வலி அதிகம் என்று தோன்றினால், குட்டியின் எடையைப் பார்த்து மருத்துவர் எழுதித்தரும் மருந்து மட்டுமே கொடுக்க வேண்டும்.

கைப்பேசி மின்னூட்டக் கம்பி, தொலைக்காட்சிக்குப் பின்னால் தொங்கும் கம்பி ஆகியவற்றைக் குட்டிக்கு எட்டாமல் உயரத்தில் கட்டிவிடுங்கள். செருப்பு போனால் வேறு வாங்கலாம். மின்சாரம் பாய்ந்த கம்பியைக் கடித்த குட்டிக்கு வாய் வெந்துபோவதோடு உயிரும் போகலாம்.

குட்டி மனிதரைக் கடித்துவிட்டால்

பல் தினவெடுக்கும் மாதங்களில் குட்டி கையையும் காலையும் கவ்வும். பால்பல் ஊசிபோலக் கூர்மையானது என்பதால் விளையாட்டாகக் கவ்வினாலும் தோல் கிழியும். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில்தான் முதன்முதலாகப் போடப்படுகிறது. ஆகவே கடி அதிகமாகும் காலமும் தடுப்பூசியின் பாதுகாப்பு இன்னும் உறுதிப்படாத காலமும் ஒன்றாகவே வருகின்றன. ‘வீட்டுக் குட்டிதானே, பால்பல்தானே’ என்ற சமாதானம் இந்த நோயிடம் செல்லாது. தோலில் கீறல் விழுந்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் என்று எதையும் அப்பக் கூடாது. பிறகு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் ஊசிகளை நாள் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே அந்த ஊசி இலவசமாகவே போடப்படுகிறது. கவ்விய குட்டியை அடிக்க வேண்டாம். கையை அசைக்காமல் விளையாட்டை நிறுத்திவிட்டு, பொம்மையை அதன் வாயருகே நீட்டினால், சில வாரங்களில் கையை விட்டுப் பொம்மையைத் தேடப் பழகிவிடும்.

ஐந்தாம் படி: சாப்பாடு குறைந்தால் கவனிப்பது

பெரிய இனக் குட்டி வலியினால் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கு அப்படியில்லை. அதன் உடலில் சேமிப்பு மிகக் குறைவு. நான்கு மாதத்துக்குட்பட்ட மிகச்சிறிய குட்டிகளுக்கு ஒன்றிரண்டு வேளை உணவு தவறினாலே இரத்தத்தில் சர்க்கரை சரிந்துவிடும். தள்ளாட்டம், நடுக்கம், அழைத்தாலும் திரும்பாத மந்தம், உடல் குளிர்ந்துபோதல், வலிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது விரலில் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ தொட்டு ஈற்றில் தேய்த்துவிட்டு, போர்வையில் சுற்றிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். நினைவற்ற குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இந்த நிலை வராமலிருக்க, பல் மாறும் காலத்தில் ஒரு நாள் உணவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உலர் தீனியை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் கொடுத்தால் வலிக்கும் ஈற்றோடும் சாப்பிட்டுவிடும். உலர் தீனியை ஒதுக்குகிறது என்பதற்காகப் பால் பிஸ்கட்டுக்கு மாறிவிட வேண்டாம். சத்தும் கிடைக்காது, மாவு பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

ஆறாம் படி: இரட்டைப் பல்லைக் கண்டுகொள்வது

இக்கட்டுரையின் நடுநாயகமான பகுதி இதுதான். ஒரே வகைப் பல் ஒரே இடத்தில் இரண்டு இருக்கக் கூடாது என்பது கால்நடைப் பல் மருத்துவத்தின் அடிப்படை விதி. புதுப்பல் ஈற்றை விட்டு வெளியே வரும் நேரத்தில் பால்பல் விழுந்திருக்க வேண்டும், அல்லது விழும் தறுவாயில் நன்றாக ஆடிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கே தேடுவது என்று தெரிந்திருந்தால்தான் கண்ணில் படும். மேல்தாடையில் நிரந்தரக் கோரைப்பல், பால்கோரைப்பல்லுக்கு முன்னால், அதாவது மூக்கின் பக்கமாக முளைக்கும். கீழ்த்தாடையில் பால்பல்லுக்கு உட்புறமாக, நாக்கின் பக்கமாக முளைக்கும். வெட்டுப்பற்களும் அவ்வாறே பால்பல்லுக்கு உட்புறமாகத்தான் வரும். மேலே இருப்பது உதட்டை உயர்த்தியவுடன் தெரிந்துவிடுவதால் எல்லாரும் அதைக் கவனிக்கிறார்கள். கீழே இருப்பது பால்பல்லின் மறைவில் ஒளிந்திருப்பதால் தப்பிவிடுகிறது. கூடுதல் கேடு விளைவிப்பது இந்தக் கீழ்ப்பல்தான்.

கீழ்க்கோரைப்பல் முளைத்து உயரும்போது வெளிப்பக்கமாகச் சாய்ந்து, மேல்தாடையின் மூன்றாவது வெட்டுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் போய் அமர வேண்டும். பால்பல் வெளிப்பக்கத்தில் வேலிபோட்டாற்போல் நின்றுவிட்டால் அது சாய முடியாமல் நேராக மேலே வளரும். வாயை மூடும் ஒவ்வொரு தடவையும் அதன் நுனி மேலண்ணத்தில் குத்தும். முதலில் ஒரு சிறு பள்ளம் விழும், பிறகு புண்ணாகும், கவனிக்காமலே விட்டால் வாய்க்கும் மூக்குக்கும் இடையில் துளையே விழலாம். நாய்க்கு வலிக்கும், ஆனால் வலியைக் காட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். மேல்தாடையிலோ, பால்பல் புதுப்பல்லை முன்பக்கம் தள்ளி, கீழ்ப்பல் அமர வேண்டிய அந்த இடைவெளியையே அடைத்துவிடும்.

இடம் மாறாமல் இரண்டும் அருகருகே நின்றாலும் கேடுதான். நாயின் உதட்டை உயர்த்தி அந்த இரண்டு கோரைப்பற்களுக்கு நடுவே உற்றுப் பாருங்கள்: உணவுத் துணுக்கும் அதன் சொந்த முடியும் அங்கே திரிதிரியாகச் சிக்கி, அடியில் ஈறு கருஞ்சிவப்பாக வீங்கியிருக்கும். பொமரேனியன், ஷிட்சூ போன்ற அடர்முடி இனங்களில் இந்த முடி எத்தனை முறை எடுத்தாலும் மறுபடி சேரும். ஈறு நோய் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சிறிய இனங்கள் இயல்பாகவே ஈறு நோய்க்கு ஆளாகக்கூடியவை. முதுமையில் தாடை எலும்பு அரித்து, மென்றாலே கீழ்த்தாடை முறிந்துபோகும் அளவுக்குச் சில நாய்களை அது கொண்டுபோய்விடுகிறது.

புதுப்பல்லின் நுனி தெரிந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பால்பல்லைச் சுத்தமான விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நன்றாக ஆடினால் ஒன்றிரண்டு வாரம் பொறுக்கலாம். உறைந்த துணியை மெல்லும்போதே விழுந்துவிட வாய்ப்பு உண்டு. சற்றும் ஆடவில்லை என்றாலோ, புதுப்பல் பாதியளவு வளர்ந்துவிட்டது என்றாலோ காத்திருப்பதில் பயனில்லை. கீழ்க்கோரைப்பல் உட்பக்கம் வருவது தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.

பால்பல் முறிந்துவிட்டாலும் உடனே காட்ட வேண்டும். விழப்போகிற பல்தானே என்று தோன்றும். ஆனால் முறிந்த இடத்தின் வழியாகக் கிருமி வேருக்கு இறங்கி, அதனடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் கெடுத்துவிடும். சாம்பல் நிறமாகவோ ஊதாவாகவோ மாறிய பால்பல்லும் இதே வகைதான்.

ஏழாம் படி: பல்லை எடுக்கும் சிகிச்சை

வீட்டில் இடுக்கியாலோ நூல் கட்டியோ பிடுங்க முயலவே கூடாது. பால்கோரைப்பல்லின் வேர் நீண்டு, மெலிந்து, வளைந்திருக்கும்; சிறு முரட்டு இழுப்புக்கும் நடுவில் முறிந்துவிடும். உள்ளே தங்கிய வேர்த்துண்டு சீழ்க்கட்டியாக மாறலாம். கீழே வளரும் பல்லின் பாதையை மறிக்கவும் கூடும். இதை மருத்துவர் முழு மயக்கத்தில், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேரைச் சுற்றியுள்ள பிடிப்பை மெதுவாகத் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். ‘விழித்திருக்கும்போதே பிடித்துக்கொள்ளுங்கள், இழுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் குட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

போகுமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எக்ஸ்ரே வசதி இருக்கிறதா, மயக்கம் கொடுக்குமுன் இரத்தப் பரிசோதனை செய்வார்களா, மயக்கத்தின்போது உடல் சூட்டையும் மூச்சையும் யார் கண்காணிப்பார்கள் என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்பதை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய நாய்க்குச் சொல்வதுபோல் இரவு முழுவதும் பட்டினி போட்டால் சிறிய குட்டிக்குச் சர்க்கரை இறங்கிவிடும்; அதற்கான நேரத்தை எடையையும் வயதையும் பார்த்து மருத்துவர்தான் குறிக்க வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பொதுமக்களின் வளர்ப்புப் பிராணிகளுக்கும் சிகிச்சை அளிக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் பல் எக்ஸ்ரே வசதி இல்லையென்றால் இவற்றை அணுகலாம்.

கருத்தடை அறுவை சிகிச்சையை ஆறாம் மாதத்தையொட்டிச் செய்வதாகத் திட்டமிருந்தால், அதே மயக்கத்திலேயே நின்றுபோன பால்பற்களையும் எடுத்துவிடலாமா என்று கேட்பது சிக்கனமான வழி. ஆனால் மேலண்ணத்தில் குத்தும் கீழ்க்கோரைப்பல்லை அந்தத் தேதிக்காகக் காக்க வைக்கக் கூடாது. பால்பல்லை உரிய நேரத்தில் எடுத்துவிட்டால் புதுப்பல் தானாகவே சரியான இடத்துக்கு நகர்ந்துவிடுவது உண்டு; தாமதித்தால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

எடுத்த பிறகு பத்திலிருந்து பதினான்கு நாட்களுக்கு மென்மையான உணவு மட்டும் கொடுங்கள். பொம்மைகளை ஒளித்து வையுங்கள். தையல் போட்டிருந்தால் அது தானாகவே கரையும். முதல் நாள் எச்சிலில் சிறிது இரத்தம் வருவது சாதாரணம். மறுநாளும் சொட்டிக்கொண்டிருந்தாலோ முகம் வீங்கினாலோ மருத்துவரை அழைக்க வேண்டும்.

எட்டாம் படி: ஏழாம் மாதக் கணக்கெடுப்பு

ஏழு மாதம் முடிந்ததும் பற்களை எண்ணிப் பாருங்கள். வீட்டில் எண்ண முடியாவிட்டால் மருத்துவரை எண்ணச் சொல்லுங்கள். 42-க்குக் குறைவாக இருந்தால் அந்தப் பல் பிறவியிலேயே இல்லாமலிருக்கலாம். சிறிய இனங்களில் அப்படி நேர்வது உண்டு, அதனால் தீங்கில்லை. ஆனால் பல் எலும்புக்குள் இருந்துகொண்டு முளைக்காமல் தங்கியிருந்தால் அதைச் சுற்றி நீர்ப்பை உருவாகித் தாடை எலும்பை உள்ளிருந்தே அரிக்கக்கூடும். பக், ஷிட்சூ போன்ற சப்பை முக இனங்களில் கீழ்த்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பல்லுக்கு இது அடிக்கடி நேர்கிறது. இல்லாத பல்லா, புதைந்த பல்லா என்பதை எக்ஸ்ரே மட்டுமே சொல்லும் என்பதால், பல் காணாத இடத்தைப் படம் பிடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பல் துலக்கும் பழக்கத்தையும் இந்த மாதத்திலிருந்து முறையாகத் தொடங்கலாம். அதற்கு முன்னால், ஈறு வலிக்கும் வாரங்களில், ஈரத் துணியை விரலில் சுற்றிப் பற்களின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டால் போதும். இனி, சிறு குழந்தைகளுக்கான மென்தூரிகையும் நாய்களுக்கென்று விற்கும் இறைச்சிச் சுவைப் பற்பசையும் வாங்குங்கள். நாய்க்குத் துப்பத் தெரியாது என்பதால் நாம் பயன்படுத்தும் பற்பசையிலுள்ள ஃபுளோரைடு வயிற்றுக்குள் போகும். சில பற்பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்குக் கொடிய நஞ்சு. தினமும் ஒருமுறை, ஈறும் பல்லும் சேரும் கோட்டின் மேல் தூரிகையைச் சாய்த்து வைத்து, வெளிப்புறத்தை மட்டும் தேய்த்தால் போதும். உட்புறத்தை அதன் நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். மேல்தாடையின் கடைவாய்ப்பற்களில்தான் காரை முதலில் படியும் என்பதால் துலக்குவதை அங்கிருந்தே தொடங்குங்கள்.